காற்றுக்கு ஆடாத ஸ்டாண்டு

மொராக்கோவின் ஊஜ்தா நகரத்துக் கேமரா கடையில், கடைப் பையன் புசியான் எடுத்துவைத்த மூன்றாவது ஸ்டாண்டையும் யம்னா ஆட்டிப் பார்த்தாள்.

"இதுவும் ஆடுதே தம்பி. ஆத்தங்கரையில காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும்."

"உங்க கேமராவுல இவ்ளோ நீள லென்ஸு! பறவைய எடுக்கவா அக்கா?"

"எங்க வீட்டுக்காரர் அதுக்குத்தான் வாங்கினாரு. எனக்குக் கை நடுங்குது. போன தடவை எடுத்ததெல்லாம் கலங்கிப்போச்சு."

கால் தடித்த ஒரு ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டி, நடுக்கம்பியில் அவள் பையையும் கனத்துக்குத் தொங்கவிட்டான் புசியான். தட்டினாலும் அசையவில்லை.

"இதுல ஒவ்வொரு இறகும் தனித்தனியாத் தெரியும்."

"கன்னத்துக் குழி தெரியுமா?"

"பறவைக்கு ஏதுக்கா கன்னக்குழி?" என்று சிரித்தான்.

"எங்க தங்கச்சிக்கு இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம், அல்ஜீரியாவுல கட்டிக்கொடுத்தோம். அப்புறம் எல்லைய மூடிட்டாங்க. முப்பது வருஷமா இந்தக் கரையில நானும் அந்தக் கரையில அவளும் நின்னு கையாட்டிக்கிறோம். சின்னப் புள்ளையில ஒரே போர்வைக்குள்ள படுத்து, அந்தக் குழியில விரல வச்சு அழுத்துவேன். இப்ப சிரிக்கிறாளா அழுறாளான்னுகூடத் தெரியல."

ஸ்டாண்டை மடித்த புசியான் அதை அவளிடம் கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கடைக்கு லீவுக்கா. ஆத்தங்கரைக்கு நானே தூக்கிட்டு வந்து நிறுத்தித் தர்றேன்."