ஐந்து போட்டோக்கள்

"மேடம், நீங்க தமிழ்னு கேட்டுல காவல் நிக்கற தர்வான் சொன்னான். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. அது விவேக்கா, இல்லையா?"

தடயவியல் கூடத்தின் வராண்டாவில் வழிமறித்தவளை ஹம்சினி ஏறிட்டுப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹவுராவிலிருந்து ஆற்றைக் கடக்கும் முதல் லாஞ்சைப் பிடித்து வந்து, காலையிலிருந்து காத்திருக்கிறாளாம்.

"நீங்க யாரு?"

"சாவித்ரி. சந்தானத்தோட ஆத்துக்காரி."

ஹம்சினிக்குப் புரிந்தது. ஹவுராவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த சந்தானமும் விவேக்கும் இரண்டு வருடம் முன்பு, தொண்ணூற்றாறில், ஒரே நாளில் மாயமானார்கள். முதல் நாள் இருவருக்கும் பெரிய வாய்த்தகராறு. சந்தானம்தான் விவேக்கைத் தீர்த்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டான் என்று போலீஸ் முடிவு கட்டியது. போன மாதம் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுப் பக்கம் ஓர் எலும்புக்கூடு அகப்பட்டது. அது விவேக்தான் என்று போலீஸ் நம்பியது.

"அவருக்குக் கோபம் வந்தா சாப்பிடாம படுத்துப்பார், அவ்வளவுதான். கை நீட்டத் தெரியாது. ரெண்டு வருஷமா நான் கொலைகாரன் பொண்டாட்டி. ஸ்கூல்ல என் பொண்ணு மஹிமா பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறா."

"போலீஸ்கிட்டதான் நான் சொல்லணும். உங்ககிட்ட சொல்லப்படாது. உக்காருங்கோ."

சட்டம் பேசிவிட்டு அறைக்குள் நுழைந்தாளே தவிர, மனசு வராண்டாவிலேயே நின்றுவிட்டது.

உள்ளே இன்ஸ்பெக்டர் சென்குப்தா பெங்காலியில் அலுத்துக்கொண்டார்.

"விவேக் போட்டோ ஒண்ணு போதாதா மேடம்? எதுக்கு அஞ்சு?"

"பேரைச் சொல்லிக் கொடுத்தா, கண்ணு அந்த ஆளையே தேடும் சார்."

மண்டை ஓட்டின் படத்தோடு போட்டோவைப் பொருத்திப் பார்க்கும் வேலையில் அவள் மகா கறார். ஐந்து போட்டோ வேண்டும், மற்ற நாலும் காணாமல் போன வேறு ஆட்களுடையதாக இருக்கலாம், ஆனால் நம்பர் மட்டும்தான் இருக்க வேண்டும். எது யாரென்ற பட்டியல் ஒட்டிய கவரில் போலீஸிடமே இருக்கும்.

ஐந்தையும் பொருத்திப் பார்த்து அவள் எழுதிய ரிப்போர்ட் மேஜையில் தயாராக இருந்தது. சென்குப்தா கவரைப் பிரித்தார். "விவேக், ரெண்டாம் நம்பர்."

"ரெண்டு பொருந்தலை. தாடையே வேற."

இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. ஹம்சினிக்கோ இருப்புக் கொள்ளவில்லை. பதினோரு வருட சர்வீஸில் செய்யாத காரியத்தை அன்று செய்தாள். ரிப்போர்ட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு வராண்டாவுக்கு ஓடினாள்.

"சாவித்ரி, அது விவேக் இல்லை!"

சாவித்ரி அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"எனக்குத் தெரியும் மேடம்! போலீஸுக்குப் பயந்துண்டு எங்கேயோ ஒளிஞ்சுண்டிருக்கார். பேப்பர்ல போட்டா படிச்சுட்டு வந்துடுவார், இல்லையா?"

"வந்துடுவார்," என்றாள் ஹம்சினி. அவளுக்கும் கண் கலங்கியது.

பின்னால் சென்குப்தா ரிப்போர்ட்டும் கையுமாக வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாலாம் நம்பர் சரியாப் பொருந்துதுன்னு எழுதியிருக்கீங்களே மேடம்?"

"ஆமாம். காணாமல் போனவங்க ஃபைல்லேருந்து எடுத்ததுதானே? அவங்க வீட்டுக்கும் தகவல் சொல்லணும்."

"அஞ்சு தேறலைன்னு, இந்தக் கேஸ் கட்டுலேயே இருந்த ஒரு போட்டோவைச் சேர்த்துட்டேன்." அவர் சாவித்ரியைப் பார்க்காமல் சொன்னார். "நாலாம் நம்பர், சந்தானம்."