இன்ஜின் புதுசு, வண்டி பழசு

தேவபிரசாதம் வாத்தியார் முன் டயரை ரெண்டு உதை உதைத்தார். பிறகு சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"இன்ஜின் மாத்தின வண்டியாமே?" என்றார், உதட்டைப் பிதுக்கி.

"ஆமா அண்ணாச்சி. மறைக்கதுக்கு என்ன இருக்கு? ஆர்.சி. புக்குலயும் புது நம்பரை ஏத்தியாச்சு," என்றார் மனுவேல். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் இன்ஜின் பார்க்கிறவர். தெரேஸ்புரத்தில் அவர் வீட்டு வாசலில்தான் அந்த நீல நிற எஸ்.யூ.வி. நின்றது.

வாத்தியாருக்கு வண்டி கண்டிப்பாக வேண்டும். அதை முகத்தில் காட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான். நாசரேத்தில் அவர் மனைவி ஞானபாக்கியம் செல்போனில் விளம்பரத்தைப் பார்த்த நிமிஷத்திலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இந்த வண்டியோட வந்தா வாங்க. இல்லன்னா தூத்துக்குடியிலயே ரூம் போட்டு இருந்துக்கிடுங்க" என்று சொல்லித்தான் காலையில் பஸ் ஏற்றிவிட்டாள். பள்ளிக்கூடத்தையே அதட்டி வைத்திருந்த மனுஷன்தான். வீட்டுக்குள் வந்தால் பெட்டிப் பாம்பு.

"சொந்த இன்ஜின் போயிட்டுன்னா வண்டிக்கு உயிரே போன மாதிரி தம்பி. எதுக்கு மாத்துனீங்க?"

மனுவேல் சிரித்தார். "அந்தக் கூத்தை ஏன் கேக்கீங்க? மூணு வருசம் முன்னால சாத்தான்குளத்துப் புரோக்கர் ஒருத்தர் மூலமா வாங்கினேன். வித்தவரை நான் கண்ணால பார்த்தது இல்ல. எட்டாம் நாள், மாமியாரை ஏத்திக்கிட்டு மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போறேன். ஆறுமுகநேரி உப்பளத்துக்கிட்ட பொசுக்குன்னு நின்னுட்டு. உச்சி வெயில், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பிரிச்சுப் பார்த்தா இன்ஜின் எப்பவோ செத்துருக்கு. புகை தெரியக் கூடாதுன்னு கெட்டி ஆயிலா ஊத்தி நம்ம தலையில கட்டிட்டாரு அந்த மகராசன்."

வாத்தியாருக்கு இருமல் வந்துவிட்டது. மனுவேலின் மனைவி ஆக்னஸ் கொண்டுவந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தூத்துக்குடி வெயில் அப்படி.

"பெறகு நானே கூட நின்னு வேற இன்ஜின் இறக்குனேன். நடுக்கடல்ல நின்னா தள்ளிவிட ஆள் வராது பாருங்க, அதனால நம்ம வேலையில பிசகு இருக்காது. ஆனா மாமியா இன்னைக்கு வரைக்கும் இதுல ஏற மாட்டேங்குது. அதுக்காவத்தான் விக்கேன்."

"ஓட்டிப் பார்க்கலாமா?"

"தாராளமா. ஏறுங்க."

வாத்தியார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். பிறகு தலைக்கு மேலே மடக்கியிருந்த வெயில் தடுப்பை இறக்கி, அதன் பின்னால் விரலை விட்டுத் துழாவினார். சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கிற பைபிள் வாக்குத்தத்த வசன அட்டையை நாசரேத்துக்காரர்கள் அங்கேதான் செருகி வைப்பார்கள். பழகின கை, தானாகப் போய்விட்டது.

"என்ன அண்ணாச்சி தேடுதீங்க?"

"ஒண்ணுமில்ல. தூசி இருக்கான்னு பார்த்தேன்."

மனுவேல் அவரை ஒரு பார்வை பார்த்தார். "போவோம்" என்று மட்டும் சொன்னார்.

துறைமுகம் வரை போய்த் திரும்பினார்கள். உப்பு லாரிகளுக்கு நடுவே வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இந்த வண்டி இவ்வளவு அமைதியாக ஓடும் என்று வாத்தியார் கனவிலும் நினைத்ததில்லை. இருந்தாலும் திரும்பி வந்து இறங்கினதும், "சுமாராத்தான் இருக்கு" என்றார்.

அரைமணி நேரம் பேரம் நடந்தது. ரெண்டு டீ போனது. கடைசியில் மனுவேல் கொஞ்சம் இறங்கி, வாத்தியார் கொஞ்சம் ஏறி, விலை படிந்தது.

"யார் பேருக்கு மாத்தணும்?" மனுவேல் தாளை எடுத்தார்.

"வீட்டம்மா பேருக்குத்தான். ஞானபாக்கியம்னு எழுதுங்க."

மனுவேலின் பேனா பாதியில் நின்றது. "ஞானபாக்கியம்" என்று ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மீதியை எழுதி, சாவியை எடுத்து நீட்டினார். "ஒரு சாவிதான் இருக்கு அண்ணாச்சி. இன்னொண்ணு தொலைஞ்சுட்டுன்னு அந்த வித்தவரு புரோக்கர்கிட்ட சொல்லிவிட்டாராம்."

அந்த இடத்திலாவது வாத்தியார் வாயை மூடிக்கொண்டு சாவியை வாங்கியிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"அதெப்படி தம்பி? ஒத்தச் சாவி வண்டியை எவன் வாங்குவான்? அதுக்கு ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கிடுங்க."

மனுவேல் வீட்டுக்குள் போனார். உள்ளே அவர் ஏதோ சொல்வதும் ஆக்னஸ் சிரிப்பதும் கேட்டது. திரும்பி வந்தவர் கையில், மூலை மடங்கின ஒரு சின்ன வசன அட்டை இருந்தது.

"வண்டி வாங்கின அன்னைக்கு அந்த வெயில் தடுப்புக்குப் பின்னால கிடந்துச்சு. வசனமாச்சே, தூரப் போட மனசு வரல. நீங்க தேடுனது இதுதானான்னு பாருங்க."

வாத்தியார் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், 'ஞானபாக்கியம்' என்று இருந்தது. மாதா மாதம் மளிகைச் சீட்டில் அவர் பார்க்கிற அதே கையெழுத்து.

மனுவேல் அவர் தோளில் கையைப் போட்டார்.

"இன்னொரு சாவி மதினிகிட்டதான் இருக்கும் அண்ணாச்சி."