ஆறேகால் விளக்கு

“அவரு வர்றதுக்குள்ள முடிச்சிரு பாப்பா. பாத்துட்டாருன்னா அம்புட்டுதான்.” சுகுணா தெருவையே பார்த்தபடி கிசுகிசுத்தாள்.

கறம்பக்குடியில் ஸ்மார்ட் லைட் மாட்டித் தரும் பிளெஸ்ஸி, யாரோ தூக்கிப்போட்ட டிவி செட்டாப் பெட்டியை விளக்குகளை இயக்கும் பெட்டியாக மாற்றிக் கொண்டுவந்திருந்தாள். “புதுசு வாங்குனா ரொம்ப ஆகும்மா. இதுக்கு நெட்டும் வேணாம். டயம் வச்சுட்டா தானா எரியும்.”

“டான்னு ஆறேகாலுக்கு எரியக் கூடாது. கொஞ்சம் முன்னப்பின்ன, மனுசன் போடுற மாதிரி எரியணும்.”

பிளெஸ்ஸி வாசலை அண்ணாந்து பார்த்தாள். “ஆணியில ஏதோ வயரு சுருட்டிக் கெடக்கே?”

“பழைய டிவி வயரா இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கைல அவருதான் சுருட்டி வச்சாரு.”

அப்புறம் சுகுணாவால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மகன் கவியரசன் சிங்கப்பூரில் விரும்பியவளைக் கட்டிக்கொண்டதும், கணவர் குணசேகரன் பேச்சை முறித்துவிட்டார். சுகுணாவும் பேசக் கூடாதென்று தன் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் மகன் அங்கிருந்தே செல்போனில் வாசல் விளக்கைப் போடுவான். குணசேகரன் முறைப்பார், ஆனால் அது எரிந்த பிறகுதான் காபி கேட்பார்.

பொங்கலுக்கு நாலு நாள் முந்தி அதுவும் நின்றது. பிள்ளை மறந்துவிட்டான் என்று தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார் என்று, அன்றிலிருந்து அவர் கண்ணில் படாமல் சுகுணாவே சுவிட்சைப் போட்டுவந்தாள். நாளை ஆபரேஷனுக்குத் தஞ்சாவூர் போகிறாள். பத்து நாளைக்கு யார் போடுவது?

“சரிம்மா, அழாதீங்க. எரியுதான்னு பாத்துருவோம்.” பிளெஸ்ஸி பெட்டியைத் தட்டினாள். வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

வாசலில் குணசேகரன் நின்றார். உரக்கடையை இன்று சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருந்தார். மணி நாலரைதான். விளக்கையும் பெட்டியையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுகுணா உடைந்துபோனாள். “இத்தன நாளும் நாந்தாங்க போட்டேன். நம்ம புள்ள நம்மள மறந்துட்டாங்க.”

“நீதான் போடுறன்னு மொத நாளே தெரியும்” என்றவர், படியில் அப்படியே உட்கார்ந்தார். ஆணியில் தொங்கிய வயரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“அவன் மறக்கல சுகுணா. அன்னைக்கிக் கோவத்துல நெட்டு வயரப் பிடுங்கி விட்டது நாந்தான்.”