நாலு மாச டானிக்

"நாலு மாசம், சார்! ஒரு பொம்பளைக்கு நாலு மாசமா வெறும் இரும்பு டானிக்கைக் கொடுத்திருக்கீங்க. ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துப் பார்க்கணும்னு தோணலையா?"

கத்தினது நான்தான். டாக்டர் லூர்து, காட்டூர். அப்போ எனக்கு முப்பத்திரண்டு வயசு. வாய் மட்டும் ரொம்ப நீளம்.

1962. ரத்த வியாதிக்குன்னு பெரிய டாக்டரைப் பார்க்கணும்னா மெட்ராசுக்கு ரயில் ஏறணும். அதனால நாங்க திருச்சி டாக்டர்கள் ஒன்பது பேர் கூடி, நாங்களே படிச்சுக்க ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆகியிருந்துச்சு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, ஸ்ரீரங்கத்துல டாக்டர் நல்லதம்பியோட கிளினிக்ல வகுப்பு. ரத்தம் தடவின கண்ணாடி ஸ்லைடைக் கைக்குட்டையில சுத்திச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு, டவுன் பஸ்ல காவிரிப் பாலம் தாண்டிப் போவோம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக்ராஸ்கோப். யார் முதல்ல பார்க்கறதுன்னு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்குவோம். காபி ஆறி ஏடு கட்டிக் கிடக்கும். அடடா, அதெல்லாம் திரும்பி வருமா!

ஒரே ஒரு சங்கடம். தன் தப்பை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அடுத்தவர் சொன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வரும். அப்படியே ரெண்டு பேர் வர்றதை நிறுத்தி, ஏழு பேர் ஆகியிருந்தோம்.

அன்னிக்கு நல்லதம்பியே எழுந்தார்.

"இது நான் பண்ணின தப்பு. நோயாளி சோகையா வந்தாங்க. நாலு மாசம் டானிக் கொடுத்தும் தேறலை. அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தேன். நீங்களும் பாருங்க."

பார்த்தோம். சிவப்பணு ஒவ்வொண்ணும் ஊதிப் பெரிசா இருந்துச்சு. இரும்புச்சத்துக் குறைன்னா சிறுத்துல்ல இருக்கணும்! இது பி-12 குறை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்.

அப்போதான் நான் கத்தினேன். கத்தியும் அடங்கலை.

"வகுப்பு நடத்தறவர் பண்ற வேலையா இது? அடுத்த மாசத்துலேர்ந்து வேற யாராவது நடத்தட்டும்."

"லூர்து சொல்றதும் நியாயம்தானே?"ன்னார், மணப்பாறை டாக்டர் வீரமலை. மத்தவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

நல்லதம்பி முகம் சுருங்கிப் போச்சு. அந்த வகுப்புன்னா அவருக்கு உசிரு. நாலு வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை தவறினதில்லை.

"சரி, நீங்களே நடத்துங்க லூர்து. எல்லாரும் விடாம வரணும். எனக்கு அது போதும்."

ஜெயிச்ச மிதப்புல வெளியே வந்தேன். ஊசி போட்டுக்க வந்த ஒரு அம்மா வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து கும்பிட்டாங்க. எனக்கு ஆள் அடையாளம் தெரியலை.

"காட்டூர் மாரியாயிங்க ஐயா. மக வீட்டுக்கு வந்த இடத்துல மயக்கம் போட்டு விழுந்துட்டேன், இந்த டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. நாலு மாசம் நீங்க கொடுத்த டானிக்கைக் குடிச்சுட்டு, சொல்லாம கொள்ளாம டாக்டரை மாத்திட்டாளேன்னு கோவிச்சுக்காதீங்க!"