முற்றாக எதிர்ப்பவர்

இதில் பாதியை நான் நேரில் பார்க்கவில்லை. றஜீனா அக்கா சொல்லக் கேட்டதுதான். ஆட்களின் பெயரையும் இடத்தையும் மாற்றியிருக்கிறேன்.

அக்கா லண்டனில் வீடு வீடாகப் போய்க் கருத்துக்கணிப்பு எடுப்பவர். பட்டியலில் உள்ள வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைத் தட்டக்கூடாது என்பது விதி. அதனால் செவன் கிங்ஸ் பகுதியில் அந்த ஒரே கதவுக்கு ஐந்தாம் தடவையாகப் போயிருந்தார்.

"திரும்பவும் நீங்களோ?" அந்த வீட்டுக் கனகலிங்கம் கதவை நாலு விரல் அகலத்துக்குத்தான் திறந்தார்.

"நீங்கள் பதில் சொல்லுமட்டும் வருவன், ஐயா."

அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையை உற்றுப் பார்த்தார். "ஹோம் ஒபிசோ? ஆக்களைத் திருப்பி அனுப்புற ஆக்களோ?"

"இல்லை. சனம் என்ன நினைக்குது எண்டு கேக்கிற கொம்பனி."

"எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம். சரி, கேளுங்கோ."

"எப்ப இந்த நாட்டுக்கு வந்தனீங்கள்?"

"எண்பத்தொன்பதில. அகதியா."

"இப்ப படகில வந்து தஞ்சம் கேக்கிறவையை இங்க இருக்க விடுறதை ஆதரிக்கிறீங்களோ, எதிர்க்கிறீங்களோ?"

"முற்றா எதிர்க்கிறன்! வடிவாப் பதியுங்கோ. ஒருத்தரையும் உள்ள விடக்கூடாது." தெருவுக்கே கேட்டிருக்கும்.

'நீங்கள் மட்டும் வரலாமோ?' என்று அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. எதிர்த்துக் கேட்கக்கூடாது, அதுவும் விதி. விழுங்கிக்கொண்டார்.

"வீட்டில பெரியாக்கள் எத்தினை பேர்?"

"நான் தனி."

மேல்மாடியில் யாரோ இருமினார்கள்.

"பூனை," என்றார்.

"பூனைக்கு நல்ல தடிமனும் இருமலும் போல."

"ஓம். லண்டன் குளிர் அதுக்கு ஒத்துவரேல்லை."

கதவு மூடியது.

அக்கா தெருவில் நின்றபடியே எனக்குப் போன் எடுத்துப் பொரிந்து தள்ளினார். "ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற மனுசன்! அந்தப் பதிலை மாத்திப்போடுவமோ எண்டு கூட நினைச்சன். மாத்தேல்லை. அவர் சொன்னது அவர் சொன்னதுதான்."

அக்கா போன்றவர்கள் எடுத்த பேட்டிகள் சரிதானா என்று போனில் கேட்டு உறுதிப்படுத்துவது அதே நிறுவனத்தில் என் வேலை. மூன்று வாரம் கழித்து கனகலிங்கத்தின் எண் என் பட்டியலில் வந்தது.

"வீட்டில பெரியாக்கள் ஒருத்தர் எண்டு இருக்கு. சரிதானே, ஐயா?"

"பிழை, பிள்ளை. மூண்டு எண்டு மாத்துங்கோ." குரலில் சிரிப்பு. "சூடானில இருந்து படகில வந்த ஒரு புருசனும் மனிசியும். ஏழு மாசமா மேல் அறையிலதான் வச்சிருக்கிறன். திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு நடுங்கிக்கொண்டு கிடந்ததுகள். நேற்றுத்தான் அப்பீல் வெண்டதுகள். இனிச் சொல்லலாம்."

"அப்ப ஏன் முற்றா எதிர்க்கிறன் எண்டனீங்கள்?"

"அப்பிடிக் கத்துறவன்ட மேல்மாடியை ஆர் பிள்ளை ஏறிப் பாக்கப்போகினம்?"

ஆட்களின் எண்ணிக்கையைத் திருத்தினேன். சொன்ன கருத்தைப் பிறகு மாற்ற எங்கள் விதியில் இடமில்லை.

அறிக்கை வெளியான அன்று பதிவைத் திறந்து பார்த்தேன். முற்றாக எதிர்ப்பவர்களின் கணக்கில்தான் அவர் இருக்கிறார்.