குட்டிக்கு மட்டும் அத்திப்பழம்

மலைப்பாதையில் பஸ்கள் நிற்கிற வளைவில் ஒரு தாய்க்குரங்கும் அதன் குட்டியும் இருந்தன. பயணிகள் வீசும் சிப்ஸ் மட்டும்தான் குட்டிக்குத் தொண்டையில் இறங்கும். அத்திப்பழத்தைக் காட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும்.

"ஒரு வாய் தின்னுடா ராஜா, உடம்புக்கு நல்லது" என்று தாய் கெஞ்சும். கெஞ்சும்போதே அதன் கன்னப்பை நிறைய மிக்சர் இருக்கும்.

"நீ ஒண்ணு தின்னு காட்டேன்" என்றது அத்திமரத்து மலையணில்.

"நான் என்ன வளர்ற பிள்ளையா, அணிலக்கா?" என்று தாய் முகத்தைச் சுளித்தது. பிள்ளை வளர்ப்பதைப் பற்றி இந்த அணிலுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஏளனம் வேறு.

அந்த மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடிப்போனது. பஸ்கள் வரவில்லை. குட்டி பசியில் அழுது ஓய்ந்தது. தாயோ வெறிச்சோடிய சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

கடைசியில் குட்டி தானாகவே அத்திமரம் ஏறியது. அணில் அதைக் கொஞ்சவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சாறு வழிய வழியத் தன் பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. குட்டி சற்று நேரம் அதன் வாயையே பார்த்தது. பிறகு ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தது. அப்புறம் வயிறு முட்டும்வரை நிறுத்தவில்லை.

தாய்க்கும் ஒன்று கொண்டுவந்து நீட்டியது. தாய் முகர்ந்து பார்த்துவிட்டு, "சீ, பூச்சி வாடை" என்று அதை ஓரமாக உருட்டிவிட்டது. ஒட்டிப்போன வயிற்றைத் தடவிக்கொண்டே அணிலை நிமிர்ந்து பார்த்தது.

"பார்த்தீங்களா அக்கா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னது வீண்போகலை."