உடையாத கம்பு

“இருக்கறதுலயே சீக்கிரம் உடையுற தூண்டில் கம்பு எது?” என்றாள் அவள், வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

கடைக்காரர் நிமிர்ந்தார். “எல்லாரும் உடையாததுதானேம்மா கேப்பாங்க?”

“சீக்கிரம்ண்ணே! தம்பி வண்டிய நிறுத்திட்டு வந்துடுவான். அவனுக்குத்தான். போகாதேன்னாலும் கேக்கறதில்லை. பாறை மேல நின்னு பெரிய மீன்தான் பிடிப்பேன்னு அடம்.”

“அப்ப பெரிய மீனையும் தாங்குற ஹெவி பவர் கம்பு எடுங்க. விலையும் கம்மி. இந்த லைட் பவர் கம்பும் மெல்லிசு தூண்டில் நரம்பும் குட்டி மீனுக்குத்தான் தாங்கும். பெருசு இழுத்தா படக்குனு போயிடும்.”

“அதையே குடுங்க. இதுதான் நல்லதுன்னு அவன்கிட்ட நீங்களே சொல்லணும்.”

கடைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கூடப் பிறந்தவனையே ஏமாத்தணுமா? இருபது வருஷத்துல நான் பொய் சொல்லி ஒரு கம்பு வித்ததில்லை.”

“தெரியும்ண்ணே. போன வருஷம் எங்கப்பாவுக்கு ஒண்ணு குடுத்தீங்க. உடையவே உடையாதுன்னு சொன்னீங்க.”

“உடைஞ்சுடுச்சா?”

“இல்லைண்ணே. மீன் இழுத்த இழுப்புல அப்பாதான் பாறையிலேருந்து கடலுக்குள்ள போயிட்டாரு. மறுநாள் கரை ஒதுங்கினப்ப, மணிக்கட்டுல கட்டியிருந்த கம்பு முழுசா இருந்தது.”

தம்பி உள்ளே வந்தான். நேராகப் போய் ஹெவி பவரில் கை வைத்தான். “இது எப்படிண்ணே?”

கடைக்காரர் அதை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மெல்லிய கம்பை நீட்டினார்.

“என் கடையில இதைவிட நல்ல கம்பு கிடையாது தம்பி.”